மேலாளரின் பெயர் வாயில் வரவில்லை

கேள்வி: நான் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். வயது 23. சென்னை ஓ.எம்.ஆரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து மாதங்களாக வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கம் கைக்குழந்தையைக்கூட ‘வாங்க சாமி’ என்றுதான் கூப்பிடுவோம். என் மேலாளருக்கு என் அப்பாவின் வயது இருக்கும். “இங்க சார், மேடம் எல்லாம் கிடையாது, பேர் சொல்லியே கூப்பிடணும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு வாய் வரவில்லை. அவரை அழைக்க வேண்டிய நேரத்தில் எல்லாம் எழுந்து போய் அவர் மேசைக்கு முன்னால் நின்றுவிடுகிறேன். வாய் தவறி ‘சார்’ என்றால் குழுவில் சிரிக்கிறார்கள். இன்னொரு பக்கம், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் மின்னஞ்சலில் என் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னை அழைக்கிறார்கள். எங்கள் தளத்தில் ஹவுஸ்கீப்பிங் செய்யும் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது; அவரை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவரோ என்னை ‘மேடம்’ என்கிறார். இங்கே யாரை எப்படி அழைப்பது என்றே எனக்குப் புரியவில்லை. பின்குறிப்பு: ஆவணியில் எனக்குத் திருமணம். மேலாளருக்குக் கொடுக்கும் அழைப்பிதழின் உறையில் எப்படி எழுத வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்க வசதிக்காக உங்களைக் கவிதா என்றும், உங்கள் தந்தையாரைப் பொன்னுசாமி என்றும், மேலாளரைப் பாஸ்கர் என்றும், ஹவுஸ்கீப்பிங் செய்யும் அம்மாவை மல்லிகா என்றும் நானே பெயரிட்டுக்கொள்கிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மனிதவளப் பிரிவில் இருக்கும் எனக்கு, அழைக்க முடியாமல் மேசைக்கு முன்னால் போய் நிற்கும் புதியவர்கள் நன்றாகப் பழக்கமானவர்கள். சிலர் நிற்பார்கள், சிலர் தொண்டையைச் செருமுவார்கள், சிலர் ‘அது வந்து…’ என்று தொடங்கிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தை அப்படியே தாண்டிவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். என் முதல் வேலையில், துறைத் தலைவர் ஒருநாள் மாலை தம் கைப்பேசியை மேசையிலேயே மறந்துவிட்டு லிப்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். இருபதடி தூரம்தான், பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார். அந்தப் பெயரைச் சொல்ல வாய் வராமல், கைப்பேசியை எடுத்துக்கொண்டு நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் லிப்டின் கதவு மூடிவிட்டது. நான்கு மாடி படியிறங்கி, வாகன நிறுத்தத்தில் அவர் காருக்கு முன்னால் மூச்சிரைக்க நின்றேன். “கூப்பிட்டிருக்கலாமே” என்றார். கூப்பிட என்னிடம் சொல் இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்களுக்கும் அந்தச் சொல்தான் கிடைக்காமல் இருக்கிறது. அது ஏன் கிடைக்கவில்லை என்று பார்த்துவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். பெயர் சொல்லி அழைக்கும் அலுவலக வழக்கம் ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து வந்தது. அங்கே ஒருவருக்குத் தம் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று என இரண்டு இருக்கின்றன. குடும்பப் பெயருக்கு முன்னால் மிஸ்டர் சேர்த்து அழைப்பது தள்ளி நிற்பது, தம் பெயரைச் சொல்லி அழைப்பது நெருங்கி வருவது. ‘பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்’ என்று அங்கே ஒரு மேலாளர் சொல்லும்போது, தம் இரண்டு பெயர்களில் ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொடுக்கிறார். நமக்கு இருப்பது ஒரே பெயர். அதற்கு முன்னால் தந்தை பெயரின் ஓர் எழுத்து, அவ்வளவுதான். ஆகவே நம்மிடையே மரியாதையின் படிகள் இரண்டு பெயர்களுக்கு நடுவே அமையவில்லை. பெயருக்கும் முறைச்சொல்லுக்கும் நடுவே அமைந்தன. அண்ணா, அக்கா, ஐயா, அம்மா, நெல்லைச் சீமையில் அண்ணாச்சி, பள்ளிக்கூடம் போன பிறகு சார், டீச்சர் என்று வயதில் மூத்த யாரையும் ஏதேனும் ஒரு முறைக்குள் வைத்துத்தான் அழைத்துப் பழகியிருக்கிறோம். உங்கள் மேலாளர் ‘சார்’ வேண்டாம் என்றபோது அவரைப் பொறுத்தவரை ஒரு சொல்லைத்தான் நீக்கினார். உங்களைப் பொறுத்தவரை ஏணியையே எடுத்துவிட்டார்.

ஆனால் தமிழில் மரியாதை தங்கும் இடம் வேறு ஒன்று இருக்கிறது; அதை யாரும் உங்களிடமிருந்து எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் முன்னால் நிற்பவரைச் சுட்ட இன்று வழக்கில் இருப்பது ஒரே சொல். நண்பனுக்கும் நீதிபதிக்கும் அதே சொல்தான் என்பதால், மரியாதை முழுவதையும் பெயரும் பட்டமும் சுமக்க வேண்டியிருக்கிறது. தமிழில் ‘நீ’ வேறு, ‘நீங்கள்’ வேறு, ‘வா’ வேறு, ‘வாருங்கள்’ வேறு. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல்லே தவிர இலக்கண முறை அன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது என்றால், இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்று பாருங்கள். அன்றைய ‘அவர்’ பலரைக் குறித்தது. பிறகு மரியாதைக்காக ஒருவரைக் குறித்தது. அது போதாமல் ‘அவர்கள்’ வந்தது. பணத்தைப் போல மரியாதைச் சொல்லும் புழங்கப் புழங்க மதிப்பிழக்கும், புதிதாக அச்சடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் அலுவலக வாக்கியம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்: “பாஸ்கர், நீங்க சொன்ன மாற்றத்தைச் செஞ்சுட்டேன். ஒரு தடவ பாத்துடுறீங்களா?” இதில் பெயர் ஒரு முறை வருகிறது, மரியாதை இரண்டு முறை வருகிறது. கொங்குநாட்டு ஆளான உங்களுக்கு இன்னும் வசதி. ‘ஒரு நிமிஷங்க பாஸ்கர்’ என்றால் அவர் கேட்டபடி பெயரும் வந்தாயிற்று, நீங்கள் வளர்ந்தபடி மரியாதையும் வந்தாயிற்று. ‘வாங்க சாமி’ என்று குழந்தையை அழைத்து வளர்ந்த நாக்கைச் சென்னைக்காக மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

நாக்கு பழகுவதற்கு முன் கையைப் பழக்கலாம் என்பது என் அனுபவம். முதல் இரண்டு வாரம் மின்னஞ்சலிலும் அலுவலக அரட்டையிலும் மட்டும் ‘ஹாய் பாஸ்கர்’ என்று எழுதுங்கள். எழுத்தில் கூச்சம் பாதிதான் தெரியும். அடுத்து, அவர் இல்லாதபோது சக ஊழியர்களிடம் ‘பாஸ்கர் சொன்னார்’, ‘பாஸ்கரிடம் கேட்டேன்’ என்று படர்க்கையில் சொல்லிப் பழகுங்கள். அந்த ‘சொன்னார்’ உங்கள் மனத்தைச் சமாதானப்படுத்தும். நேருக்கு நேர் அழைப்பது கடைசியில் வரட்டும். இதற்கிடையில் வாய் தவறிச் ‘சார்’ வந்துவிட்டால் வரட்டும். மன்னிப்புக் கேட்டு அதைப் பெரிதாக்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். சிரிப்பவர்களும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே ‘சாரை’ விழுங்கியவர்களாகத்தான் இருப்பார்கள். வீட்டில் அம்மாவிடம் பேசும்போது ‘எங்க சார்’ என்று சொல்வதை நிறுத்த வேண்டாம்; வீட்டுப் பேச்சில் தலையிட நிறுவனத்துக்கு உரிமை இல்லை.

‘ப்ரோ’, ‘ஜி’ என்ற குறுக்கு வழிகளை உங்கள் குழுவில் பார்த்திருப்பீர்கள். வயது தெரியாத ஒருவரிடம் பெயரையும் முறையையும் சேர்த்துத் தவிர்க்க இளைஞர்கள் கண்டுபிடித்தவை அவை; சமவயதினரிடம் குற்றமில்லை. அப்பா வயதுள்ளவரைப் பெயர் சொல்லக் கூசுகிறது என்று ‘ப்ரோ’ என்றால் அது மரியாதையும் இல்லை, பெயரும் இல்லை.

உங்கள் மேலாளரைப் பற்றியும் ஒரு சொல். சுவீடனில் ஒருவரை நேரடியாக ‘நீ’ என்பது நெருக்கமானவர்களுக்கே உரியதாக இருந்த காலத்தில், டாக்டரிடமே ‘டாக்டர் காப்பி சாப்பிடுகிறாரா?’ என்று பட்டம் சொல்லிப் படர்க்கையில் கேட்கும் சங்கடம் இருந்தது. அந்நாட்டு மருத்துவ நிர்வாகத் துறையின் தலைவராக 1967இல் பொறுப்பேற்ற புரோர் ரெக்ஸெட், தாம் ஊழியர்கள் அனைவரையும் பெயர் சொல்லியே அழைக்கப்போவதாக அறிவித்தார். நாடு ஏற்கெனவே மாறிக்கொண்டிருந்ததால், அந்த மாற்றத்துக்கே அவர் அறிவிப்பு அடையாளமாகிவிட்டது. (தமிழ்நாட்டில் ‘ஸ்ரீ’ போய்த் ‘திரு’ வந்த காலமும் அதுவே.) பெயர் சொல்லும் உரிமையை வழங்க வேண்டியவர் மேலே இருப்பவர் என்பது சரி, ஆனால் எல்லோரிடமும் ஒரே மாதிரி வழங்க வேண்டும். ‘பேர் சொல்லியே கூப்பிடுங்க’ என்று சொல்லும் பல மேலாளர்கள், “முடிச்சிட்டீங்களா கார்த்திக்?” என்று கேட்ட அதே மூச்சில், அதே வயதுப் பெண்ணிடம் “முடிச்சிட்டியாம்மா?” என்று கேட்பதை எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். அன்போடுதான் சொல்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த ‘ம்மா’ அவளைக் கூட்டத்திலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. பாஸ்கர் தம் குழுவில் எல்லோரையுமே ‘நீ’ என்பவராக இருந்தால், அவர் வயதுக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம். பெண்களை மட்டும் ‘நீ’ என்பவராக இருந்தால், தனியே இருக்கும்போது, “நீங்கன்னே சொல்லுங்க பாஸ்கர்” என்று சிரித்த முகத்தோடு கேட்கலாம். பெயர் சொல்லும் உரிமையைக் கொடுத்தவரிடம் இதைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

அப்பாவின் பெயர் விஷயம் எளிது, ஆனால் உங்களுக்கு அது எவ்வளவு உறுத்தும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்வதே மரியாதைக்குறைவு என்று கருதும் வீடுகள் இன்னும் உண்டு. அங்கிருந்து வந்த பெண்ணை நாள் முழுவதும் ‘டியர் பொன்னுசாமி’ என்றால் எப்படி இருக்கும்! சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது, ஈ.வெ.ரா. தம் பெயரின் பின்னிருந்த பட்டத்தை நீக்கினார். அந்தப் பட்டங்கள் உதிர உதிர, தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு எழுத்தும் பெயரும் மட்டும் மிஞ்சின. நமக்கு இது பெருமைதான். ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பம் எழுத்தை ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்கிறது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதையாவது நிரப்ப வேண்டும் என்று அப்பா பெயரை எழுதுகிறோம். அலுவலகக் கணினியும் அதையே எடுத்து ‘பொன்னுசாமி, கவிதா’ என்று காட்டுகிறது. ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இருக்கும் வாடிக்கையாளர் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் மரியாதை காட்டுவார். ஜப்பானியர் அதோடு ‘சான்’ சேர்த்துப் ‘பொன்னுசாமி-சான்’ என்று எழுதினால், உங்களுக்கு அவர்கள் செய்யும் மரியாதை அது. இதில் கோபிக்க ஒன்றுமில்லை.

கணினிப் பிரிவில் சொல்லி, மின்னஞ்சலில் தெரியும் பெயரைக் ‘கவிதா பொ’ என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் இதைச் செய்து தருவார்கள். கையொப்ப வரியில், ‘கவிதா என்பதே என் பெயர், பொன்னுசாமி என் தந்தையின் பெயர். கவிதா என்று அழைக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒரு முறை படித்தவர் மறுமுறை தவறு செய்ய மாட்டார். நீங்கள் அவர்களை எப்படி அழைப்பது என்ற சந்தேகம் வந்தால், அவர்கள் மின்னஞ்சலின் கடைசியில் எந்தப் பெயரை மட்டும் எழுதிக் கையொப்பமிடுகிறார்களோ அதைப் பின்பற்றுங்கள். முழுப் பெயரும் இருந்தால் குடும்பப் பெயருக்கே போங்கள். ஜப்பானியரிடம் உங்கள் பெயரோடு நீங்களே ‘சான்’ போட்டுக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் ‘நான் கணக்கு சார் பேசுறேன்’ என்று தொலைபேசியில் சொல்லும் ஆசிரியர்கள் அங்கே வேலை பார்த்தால் சிரமம்தான்.

இனி மல்லிகா அம்மாவின் விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது இதுதான். உங்கள் அலுவலகத்தில் பாஸ்கரும் பெயர் சொல்லித்தான் அழைக்கப்படுகிறார், மல்லிகாவும் பெயர் சொல்லித்தான் அழைக்கப்படுகிறார். தாளில் பார்த்தால் சமத்துவம். காதில் கேட்டால் ஒன்று ‘பாஸ்கர், வாங்க’, மற்றொன்று ‘மல்லிகா, இங்க வா’. அந்த வினைமுற்று ஒன்றிலேயே முழு வித்தியாசமும் இருக்கிறது. நான் ஆலோசனை சொல்லப் போன ஓர் அலுவலகத்தில், ஹவுஸ்கீப்பிங் பணியாளர்கள் வெளி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் என்பதால் அவர்களின் அடையாள அட்டை நாடாவே வேறு நிறத்தில் இருந்தது. அட்டையில் ஒப்பந்ததாரரின் பெயரும் ஓர் எண்ணும் இருந்தன, ஆளின் பெயர் இல்லை. பெயர் சொல்லி அழைப்பது எங்கள் பண்பாடு என்று அதே தளத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். முதலில் அந்த அட்டைகளில் பெயரை அச்சிடுங்கள் என்றேன். ஒப்பந்ததாரரைக் கேட்க வேண்டும் என்றார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது, அவரை ‘நீங்க’ என்பது. அதற்கு மேல் அம்மா என்பதா அக்கா என்பதா என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், “உங்கள நான் எப்படிக் கூப்பிடட்டும்?” என்று அவரிடமே கேளுங்கள். ஐம்பது வயதுக்காரர் பலருக்கு ‘அக்கா’ பிடிக்கிறது, சிலருக்குப் பெயரோடு ‘அம்மா’ சேர்வது பிடிக்கிறது, ‘ஆயா’ அனேகமாக யாருக்கும் பிடிப்பதில்லை. சிலர் ‘பேரே சொல்லு கண்ணு’ என்பார்கள். அப்படிச் சொன்னால் பெயரையே சொல்லுங்கள், ‘நீங்க’ மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் உங்களை ‘மேடம்’ என்பதை நிறுத்த முயலும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி, அலுவலகத்துக்கு வரும் மக்கள் ஊழியர்களைச் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைக்க வேண்டாம், பெயரையோ பதவியையோ சொன்னால் போதும் என்று 2021இல் தீர்மானம் போட்டது. அங்கே ஊராட்சியே சொல்லிவிட்டது, மக்களுக்குப் பயமில்லை. மல்லிகாவுக்கு அவருடைய மேற்பார்வையாளர், எல்லோரையும் சார், மேடம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கலாம். நீங்கள் வற்புறுத்திப் பெயர் சொல்லவைத்து, அதை மேற்பார்வையாளர் கேட்டுவிட்டால் திட்டு வாங்குவது அவர். இன்னொன்றையும் யோசியுங்கள். ‘பேர் சொல்லியே கூப்பிடணும்’ என்று கட்டளையாகச் சொல்லி உங்களை பாஸ்கர் எந்த நிலையில் நிறுத்தினாரோ, அதே நிலையில் அவரை நீங்கள் நிறுத்துவீர்கள். “கவிதான்னே கூப்பிடுங்கக்கா” என்று ஒரு முறை சொல்லுங்கள், அத்தோடு விட்டுவிடுங்கள். யாரும் இல்லாத நேரத்தில், தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒருநாள் அவரே ‘பாப்பா’ என்பார். மற்ற நேரத்தில் ‘மேடம்’ என்றே இருந்தாலும் நீங்கள் வருந்த வேண்டாம்.

இந்தப் பழக்கமெல்லாம் உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். வங்கியிலிருந்தோ அரசுத் துறையிலிருந்தோ வாடிக்கையாளர் வந்தால், பாஸ்கரே அவரைச் ‘சார்’ என்பதைக் கேட்பீர்கள். அந்த அறையில் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அழைப்பிதழுக்கு வருகிறேன், திருமணத்துக்கு என் வாழ்த்துகள். உறையில் ‘சார்’ வேண்டாம். பேச்சில் வரும் சொல், எழுத்தில் நன்றாக இருக்காது. ‘திரு.’ என்று முன்னால் போட்டு, எழுத்தும் பெயரும் எழுதி, ‘அவர்கள்’ சேர்த்து, கீழே ‘குடும்பத்தார்’ என்று எழுதுங்கள். ‘திரு’, ‘அவர்கள்’ இரண்டில் ஒன்று இருந்தாலே போதும் என்று கண்டிப்பானவர்கள் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகையில் கொஞ்சம் கூடுதலாக இருப்பதில் தவறில்லை. அவருடைய மனைவியின் பெயர் தெரிந்தால் ‘திருமதி’ என்று அதையும் சேர்த்து எழுதுங்கள், ‘திரு மற்றும் திருமதி பாஸ்கர்’ என்று அவரைக் கணவர் பெயருக்குள் மறைத்துவிடாதீர்கள். கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்து, “கட்டாயம் வரணுங்க பாஸ்கர்” என்று சொல்லிவிட்டால், ஐந்து மாதமாக வராத பெயர் அன்றைக்கு வந்துவிடும்.

மல்லிகா அம்மாவுக்கும் ஓர் அழைப்பிதழ் எடுத்து வையுங்கள். அதிலும் ‘திருமதி’, அதே ‘அவர்கள்’, பெயருக்கு முன்னால் எழுத்து. அவர் தகப்பனார் பெயரின் எழுத்தை வைத்திருக்கிறாரா, கணவர் பெயரின் எழுத்தையா என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரிடமே கேட்டு எழுதுங்கள்.